டிசி மோட்டாரை நேரம் வைத்துத் திருப்பிச் சுழற்றும் சர்க்யூட்: ஒரு 555, ஒரு 4017, இரண்டு ரிலே

மூன்றாவது வடிவம்தான் ஒழுங்காக ஓடுகிறது. 12 வோல்ட் கியர் மோட்டார் 20 வினாடி வலப்பக்கம் சுற்றுகிறது, 5 வினாடி நிற்கிறது, 20 வினாடி இடப்பக்கம் சுற்றுகிறது, மறுபடி 5 வினாடி நிற்கிறது. நேரம் வைத்துத் துடிப்பு தரும் 555 ஐசி ஒன்று, அந்தத் துடிப்புகளை எண்ணும் 4017 ஐசி ஒன்று, மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலே இரண்டு போதும். புரோகிராம் எதுவும் வேண்டாம். முதல் இரண்டு வடிவங்கள் ஏன் சரிவரவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். மோட்டாரைத் திருப்ப வேண்டும் என்றதும் கை முதலில் வரைவது அந்த முதல் வடிவத்தைத்தான்.

வேலை இதுதான்: ஒரு சிறிய தொட்டியில் உள்ள திரவத்தைத் துடுப்பால் கலக்க வேண்டும். துடுப்பு ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருந்தால் சிறிது நேரத்தில் திரவமும் அதனுடன் சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிடும். அப்புறம் அடியில் இருப்பது அடியிலேயே இருக்கும். திசை மாறினால்தான் கலங்கும்.

அளவுகள்

மோட்டாரின் மேல் 12 வோல்ட், 30 ஆர்.பி.எம். என்று மட்டும் அச்சிட்டிருந்தது. மற்றதெல்லாம் அளந்து எடுத்தது. தண்டில் எதுவும் மாட்டாமல் ஓடும்போது 0.12 ஆம்பியர் இழுத்தது. துடுப்பு திரவத்தில் முழுதாக மூழ்கி ஓடும்போது 0.35 ஆம்பியர்.

அடுத்துத் தெரிய வேண்டியது, தண்டு இறுகி நின்றுவிட்டால் எவ்வளவு இழுக்கும் என்பது. இதைத் தண்டைப் பிடித்து நிறுத்தி அளக்கக் கூடாது. இவ்வளவு மெதுவாகச் சுற்றும் கியர் மோட்டாரின் வெளித்தண்டில் முறுக்குவிசை அதிகம். இறுக்கிப் பிடித்தால் உள்ளே பற்கள்தான் போகும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து மோட்டாரின் இரண்டு முனைகளுக்கு நடுவே அளந்தால் போதும். மோட்டாருக்குள் உரசி மின்சாரம் தரும் பிரஷ், சுழலும் கம்யூட்டேட்டரின் எந்தப் பட்டையில் உட்கார்ந்திருக்கிறதோ அதைப் பொறுத்து எண் மாறும். அதனால் ஒவ்வொரு அளவுக்கும் இடையில் ஒரு நொடி மின்சாரம் கொடுத்து ரோட்டாரை நகர்த்தி, ஆறு இடங்களில் அளந்தேன். 7.4 முதல் 8.3 ஓம் வரை வந்தது. மல்டிமீட்டரின் இரண்டு வயர் முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்தபோதே 0.3 ஓம் காட்டியது. அதைக் கழித்து, சராசரியாக 7.5 ஓம் என்று வைத்துக்கொண்டேன்.

12 வோல்ட்டை 7.5 ஓம்மால் வகுத்தால் 1.6 ஆம்பியர். இறுகி நின்றால் மோட்டார் இழுப்பது இவ்வளவு. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கணநேரத்துக்கு இழுப்பதும் கிட்டத்தட்ட இவ்வளவே.

ஓடுகிற மோட்டாரை நிறுத்தாமல் திருப்பினால் கணக்கு இன்னும் ஏறும். 0.35 ஆம்பியரில் ஓடும்போது சுருளின் மின்தடையில் விழுவது 2.6 வோல்ட். மீதி 9.4 வோல்ட், மோட்டார் தானே ஒரு டைனமோவாக எதிர்த்து உண்டாக்கும் மின்னழுத்தம். திடீரென்று முனைகளை மாற்றிக் கொடுத்தால் அந்த 9.4 வோல்ட் எதிர்க்காமல் 12 வோல்ட்டுடன் சேர்ந்துகொள்ளும். மொத்தம் 21.4 வோல்ட், 7.5 ஓம்மால் வகுத்தால் 2.85 ஆம்பியர். வேலை செய்யும்போது இழுப்பதைப் போல எட்டு மடங்கு. இந்த எண்ணை முதலிலேயே போட்டுப் பார்த்திருந்தால் முதல் வடிவத்தைக் கட்டியிருக்கவே வேண்டியதில்லை.

முதல் வடிவம்: 555, இரட்டை முனை ரிலே

555 ஐசியை, வெளியீடு தானாக மேலும் கீழும் மாறிக்கொண்டே இருக்கும் அஸ்டேபிள் முறையில் போட்டு, அதன் வெளியீட்டால் ஒரு டிரான்சிஸ்டரையும், டிரான்சிஸ்டரால் ஒரு டிபிடிடி ரிலேயையும் (இரண்டு சுவிட்சுகள் ஒன்றாக மாறும் இரட்டை முனை ரிலே) இயக்குவது. ரிலேயின் இரண்டு காமன் முனைகளில் மோட்டார்; என்.சி. முனைகளுக்கு (ரிலே விட்டிருக்கும்போது காமனைத் தொடுபவை) 12 வோல்ட் நேராக, என்.ஓ. முனைகளுக்கு (ரிலே இழுக்கும்போது தொடுபவை) குறுக்காக. ரிலே இழுத்தால் ஒரு திசை, விட்டால் மறு திசை. படத்தில் பார்க்க மிக எளிமையானது.

நேரத்துக்குப் போட்டவை: மேல் மின்தடை 10 கிலோ ஓம், கீழ் மின்தடை 270 கிலோ ஓம், 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். கணக்குப்படி வெளியீடு மேலே இருக்கும் நேரம் 0.693 × 280 கிலோ ஓம் × 100 மைக்ரோஃபாரட், அதாவது 19.4 வினாடி. கீழே இருக்கும் நேரம் 18.7 வினாடி. ஸ்டாப்வாட்சில் வந்ததோ முதல் முறை 36 வினாடி, அதன் பிறகு 23, 22 என்று மாறி மாறி.

இதில் இரண்டு வேறு காரணங்கள் கலந்திருந்தன. கெப்பாசிட்டரைக் கழற்றி மீட்டரில் அளந்தால் 118 மைக்ரோஃபாரட். எலக்ட்ரோலிட்டிக் வகைக்கு 20 சதவீதம் முன்பின் இருப்பது வழக்கமே. 23, 22 வந்தது அதனால்தான். முதல் சுற்று மட்டும் நீண்டது வேறு விஷயம். முதல் தடவை கெப்பாசிட்டர் பூஜ்ஜியத்திலிருந்து மின்னழுத்தத்தின் மூன்றில் இரண்டு பங்கு வரை நிறைய வேண்டும்; பிறகு மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு வரை நிறைந்தால் போதும். அதனால் முதல் முறைக்கு 0.693 போய் 1.1 வரும். இது பழுது அல்ல, 555 அப்படித்தான்.

நேரத்தை நீட்ட 1000 மைக்ரோஃபாரட்டுடன் ஒரு மெகா ஓம் போடலாம் என்று தோன்றும். வேண்டாம். 12 வோல்ட்டில், நிறையும் கடைசிக் கட்டத்தில் ஒரு மெகா ஓம் வழியாக வருவது வெறும் 4 மைக்ரோஆம்பியர். பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் கசிவே அந்த அளவுக்கு இருக்கலாம். வருவதெல்லாம் கசிந்து போக, 555 மாறாமல் அப்படியே நின்றுவிடும்.

நேரம் சரிசெய்யக்கூடியது. திசை மாறும் கணம்தான் தாங்கவில்லை. ஒவ்வொரு மாற்றத்திலும் கியர்பெட்டியிலிருந்து டொக்கென்று ஒரு சத்தம். சிறிது நேரத்தில் துடுப்பைத் தண்டோடு இணைக்கும் கப்ளிங்கின் கிரப் திருகு தளர்ந்துவிட்டது. அதோடு, ரிலே இழுக்கும் திசையில் மட்டும் சில சமயம் டடடட என்று அடித்துக்கொண்டது. அப்போது இணைத்திருந்தது 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர். 2.85 ஆம்பியர் கேட்டதும் அடாப்டரின் பாதுகாப்பு வேலை செய்து மின்னழுத்தம் சரிகிறது, ரிலே சுருள் விட்டுவிடுகிறது, மோட்டார் பழைய திசைக்குத் திரும்புகிறது, மின்னழுத்தம் ஏறுகிறது, ரிலே மறுபடி இழுக்கிறது. ரிலேதான் கெட்டது என்று நினைத்து அதை மாற்றிப் பார்த்தது வீண் வேலை. மல்டிமீட்டரை அடாப்டரின் முனைகளிலேயே வைத்துப் பார்த்தபோதுதான் 12 வோல்ட் சரிந்து சரிந்து எழுவது தெரிந்தது.

2 ஆம்பியர் அடாப்டர் போட்டதும் ரிலே அடித்துக்கொள்வது நின்றது. டொக் சத்தம் நிற்கவில்லை. இடையில் ஓர் ஓய்வு இல்லாமல் இது சரிப்படாது என்பது தெளிவானது.

இரண்டாவது வடிவம்: 12-ஆம் கால் ஆசை

ஓய்வு வேண்டுமென்றால் நான்கு கட்டங்கள் வேண்டும்: முன், நில், பின், நில். அதற்கு 4017 சரியான ஐசி. ஒவ்வொரு துடிப்புக்கும் அதன் பத்து வெளியீடுகளில் ஒன்று மட்டும் மேலே போகும். பத்து முடிந்ததும் முதலிலிருந்து தொடங்கும். 555 அதற்கு 5 வினாடிக்கு ஒரு துடிப்பு கொடுத்தால் மொத்தம் 50 வினாடிச் சுழற்சி.

4017-இன் 12-ஆம் கால் 0 முதல் 4 வரையிலான எண்ணிக்கையில் மேலேயும், 5 முதல் 9 வரை கீழேயும் இருக்கும். அதை அப்படியே டிபிடிடி ரிலேக்குக் கொடுத்துத் திசையைத் தீர்மானித்து, 0-ஆம், 5-ஆம் வெளியீடுகளின்போது மட்டும் இன்னொரு ரிலேயால் மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டித்தால், வெளியீடுகளைத் திசைக்கு நான்காகச் சேர்க்கத் தேவைப்படும் எட்டு டயோடுகள் மிச்சம். அப்படித்தான் கட்டினேன்.

தவறு எங்கே என்றால், திசை ரிலே மாறுவதும் துண்டிக்கும் ரிலே விடுவதும் ஒரே துடிப்பில் நடக்கின்றன. துண்டிக்கும் ரிலேயின் சுருளுக்குக் குறுக்கே டயோடு இருப்பதால் அது விடுவதற்குச் சில மில்லிவினாடி கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. அதற்குள் திசை ரிலே மாறிவிட்டால், நிற்க வேண்டிய மோட்டாருக்குக் கடைசி நேரத்தில் தலைகீழ் மின்சாரம் கிடைக்கிறது. ரிலேயின் கூடு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் இருந்ததால் இருட்டில் பார்த்தபோது ஒவ்வொரு மாற்றத்திலும் நீலப் பொறி தெளிவாகத் தெரிந்தது. திசையை ஓய்வின் நடுவில் மாற்றினால் இது தீரும். ஆனால் அதற்கு மேலும் ஓர் ஐசி வேண்டும். அதைவிட எட்டு டயோடு மலிவு.

மூன்றாவது வடிவம்

இங்கே டிபிடிடி ரிலேயையே விட்டுவிட்டேன். அதற்குப் பதில் ஒற்றை முனை ரிலே இரண்டு. காரின் பவர் விண்டோவில் மோட்டாரைத் திருப்பப் பயன்படும் அதே இணைப்பு முறை. இரண்டு ரிலேயின் என்.சி. முனைகளும் மைனஸில், இரண்டு என்.ஓ. முனைகளும் பிளஸில், இரண்டு காமன் முனைகளுக்கு நடுவே மோட்டார். முதல் ரிலே மட்டும் இழுத்தால் ஒரு திசை, இரண்டாவது மட்டும் இழுத்தால் மறு திசை. இரண்டும் விட்டிருந்தால் மோட்டாரின் இரண்டு முனைகளும் மைனஸில் சேர்ந்துவிடும். ஏதோ கோளாறில் இரண்டும் சேர்ந்து இழுத்தாலும் இரண்டு முனைகளும் பிளஸில் சேரும், அவ்வளவுதான்; ஷார்ட் ஆகாது. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நேரச் சர்க்யூட் எவ்வளவு தப்பாக நடந்தாலும் மோட்டார் பக்கம் பத்திரமாக இருக்கிறது.

இரண்டும் விட்டிருக்கும்போது மோட்டார் தன் முனைகள் வழியாகவே ஷார்ட் ஆவதால் அது பிரேக்காகவும் வேலை செய்கிறது. தண்டில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, கைபேசியில் வினாடிக்கு 60 பிரேம் காணொளி எடுத்துப் பார்த்தேன். மின்சாரத்தை வெறுமனே துண்டித்தால், துடுப்பு இல்லாத தண்டு நிற்க 40 பிரேம், அதாவது 0.67 வினாடி. முனைகளை ஷார்ட் செய்தால் 9 பிரேம், 0.15 வினாடி. பிரேக் பிடிக்கும் கணத்தில் ஓடுவது 9.4-ஐ 7.5-ஆல் வகுத்த 1.25 ஆம்பியர்தான், அதுவும் அடாப்டரைத் தொடாமல் மோட்டாருக்கும் ரிலேக்கும் இடையிலேயே முடிந்துவிடுகிறது.

அப்படியானால் 5 வினாடி ஓய்வு எதற்கு? மோட்டாருக்கு அரை வினாடி போதும். ஓய்வு திரவத்துக்கு. துடுப்பு நின்ற பிறகும் திரவம் சுற்றிக்கொண்டே இருக்கும். அது அடங்குமுன் எதிர்ப்பக்கம் கிளப்பினால் துடுப்பின் மேல் பளு கூடும். சுமை என்ன என்பதைப் பார்த்து ஓய்வை வைக்க வேண்டும், மோட்டாரைப் பார்த்து அல்ல.

கால்களின் இணைப்பு

555: 1 மைனஸ். 4, 8 பிளஸ். பிளஸிலிருந்து 7-க்கு 10 கிலோ ஓம். 7-லிருந்து 6-க்கு 150 கிலோ ஓம்மும் 470 கிலோ ஓம் பிரிசெட்டும் (திருப்பி மாற்றக்கூடிய மின்தடை) தொடராக. 6-ஐயும் 2-ஐயும் சேர்த்து, அங்கிருந்து மைனஸுக்கு 10 மைக்ரோஃபாரட், 25 வோல்ட். 5-லிருந்து மைனஸுக்கு 10 நானோஃபாரட். 3 வெளியீடு.

4017: 16 பிளஸ், 8 மைனஸ், 13 மைனஸ். 555-இன் 3-ஆம் காலிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக 14-க்கு. 14-லிருந்து மைனஸுக்கு 100 நானோஃபாரட். 15-லிருந்து மைனஸுக்கு 100 கிலோ ஓம், 15-லிருந்து பிளஸுக்கு 1 மைக்ரோஃபாரட். 12 எதிலும் சேராது.

முன்திசை: 1, 2, 3, 4-ஆம் வெளியீடுகள், அதாவது 2, 4, 7, 10-ஆம் கால்கள். பின்திசை: 6, 7, 8, 9-ஆம் வெளியீடுகள், அதாவது 5, 6, 9, 11-ஆம் கால்கள். ஒவ்வொன்றிலும் ஒரு 1என்4148 டயோடு, கோடு போட்ட முனை வெளிப்பக்கம். நான்கு நான்காகச் சேர்த்து, 10 கிலோ ஓம் வழியாக ஒரு பிசி337 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. பேஸிலிருந்து மைனஸுக்கு 47 கிலோ ஓம். எமிட்டர் மைனஸில், கலெக்டரில் ரிலே சுருள், சுருளின் மறுமுனை 12 வோல்ட்டில். சுருளுக்குக் குறுக்கே 1என்4007, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம்.

0-ஆம் வெளியீடும் (கால் 3) 5-ஆம் வெளியீடும் (கால் 1) சும்மா விடப்பட்டவை. அவைதான் ஓய்வு. முதலில் 0-ஐயும் முன்திசையில் சேர்த்திருந்தேன்; மின்சாரம் கொடுத்த உடனே துடுப்பு கிளம்பியது, கை பக்கத்தில் இருந்தது. இப்போது எப்போது இணைத்தாலும் ஓய்விலிருந்தே தொடங்குகிறது. 555-இன் அந்த நீளமான முதல் சுற்றும் இந்த ஓய்விலேயே கழிந்துவிடுகிறது.

முன் நேரமும் பின் நேரமும் சமமாக இருக்க வேண்டியதில்லை. டயோடுகளை இடம் மாற்றினால் போதும். 1 முதல் 6 வரை முன்திசை, 7 ஓய்வு, 8, 9 பின்திசை என்று வைத்தால் 30 வினாடி முன், 10 வினாடி பின் என்று வரும். இதற்காகவே டயோடுகளைச் சால்டர் செய்யாமல் ஒரு ஐசி சாக்கெட்டில் செருகும்படி வைத்தேன்.

ரிலே 12 வோல்ட், ஐந்து கால் கொண்ட சிறிய நீலச் சதுர வகை. சுருள் 400 ஓம், 30 மில்லிஆம்பியர். பேஸுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 0.9 மில்லிஆம்பியர், பிசி337-க்கு அது தாராளம். ரிலேயில் எந்தக் கால் எது என்று ஊகிக்காமல் அளந்துவிடுவது நல்லது. ஒரு பக்கம் மூன்று கால், எதிர்ப்பக்கம் இரண்டு கால். மூன்றில் ஓரத்தில் உள்ள இரண்டுக்கும் நடுவே 400 ஓம் காட்டினால் அவை சுருள், நடுக்கால் காமன். எதிர்ப்பக்க இரண்டில், சுருளுக்கு மின்சாரம் இல்லாதபோது காமனோடு தொடர்பு காட்டுவது என்.சி., மற்றது என்.ஓ.

மோட்டாருக்குப் போகும் பிளஸில் மட்டும் 0.5 ஆம்பியர் தாங்கும், தானே மீளும் ஃபியூஸ் ஒன்று. 0.35 ஆம்பியரில் அது பேசாமல் இருக்கும். துடுப்பு எதிலாவது சிக்கி மோட்டார் 1.6 ஆம்பியரில் நின்றுவிட்டால் சில வினாடிகளில் சூடேறித் துண்டிக்கும். 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் டயோடும் போல இதுவும் சில்லறைச் செலவுதான். மொத்தச் செலவில் பெரும்பங்கு மோட்டாருக்கும் அடாப்டருக்குமே போகிறது.

வந்த கோளாறுகள்

முதல் கோளாறு, 4017 நகரவே இல்லை; சில சமயம் தானாக இரண்டு அடி நகர்ந்து நின்றது. சால்டர் இல்லாமல் செருகிச் சோதிக்கும் பிரெட்போர்டுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் மீண்டும் நகர்ந்தது. 13-ஆம் காலை இணைக்காமல் விட்டிருந்தேன். 4017 போன்ற சிமாஸ் வகை ஐசியின் உள்ளீட்டுக் காலைத் தொங்கவிட்டால் அது ஆன்டெனாவாகிவிடும். 13 மேலே இருந்தால் எண்ணிக்கை நிற்கும், கீழே இருந்தால் ஓடும், தொங்கினால் இரண்டும்.

இரண்டாவது, எல்.இ.டி.யை மட்டும் வைத்துச் சோதித்தபோது எல்லாம் சரி, மோட்டாரை இணைத்ததும் எண்ணிக்கை தாவியது. 555-இன் வெளியீட்டு எல்.இ.டி. ஒருமுறைதான் சிமிட்டுகிறது, 4017 இரண்டு அடி போய்விடுகிறது. 5 வினாடி ஓய்வு காணாமல் போய், முன்னிலிருந்து நேராகப் பின்னுக்குப் போனது. பிரஷ் பொறியும் ரிலே தொடுமுனையின் பொறியும் மின்வயர் வழியாக 14-ஆம் காலுக்கு வந்து துடிப்பாகக் கணக்காகிவிடுகின்றன. இதற்கு ஒரே மருந்து இல்லை, நான்கைச் சேர்த்துப் போட வேண்டியிருந்தது.

மோட்டாரின் முனைகளிலேயே, வயரின் மறுகோடியில் அல்ல, ஒரு 100 நானோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டரைச் சால்டர் செய்தேன். ஐசிகளுக்குப் போகும் பிளஸை ஒரு 1என்4007 வழியாகத் தனியாகப் பிரித்து, அதன் பின்னால் 470 மைக்ரோஃபாரட்டும் ஒவ்வொரு ஐசியின் காலடியில் 100 நானோஃபாரட்டும் வைத்தேன். மோட்டார் இழுக்கும்போது 12 வோல்ட் சரிந்தாலும் ஐசிகளின் 11.3 வோல்ட் அசையாது. மூன்றாவது, மேலே சொன்ன 10 கிலோ ஓம், 100 நானோஃபாரட் வடிகட்டி. ஒரு மில்லிவினாடிக்கும் குறுகிய துடிப்பை அது விழுங்கிவிடும். இதனால் துடிப்பின் ஏற்றம் மெதுவாகுமே என்ற கவலை 4017-க்கு வேண்டாம், அதன் துடிப்பு உள்ளீட்டில், மெதுவான ஏற்றத்தையும் ஒரே மாற்றமாக எடுத்துக்கொள்ளும் ஷ்மிட் டிரிகர் உண்டு. நான்காவது, மைனஸ் வயர். முதலில் மோட்டாரின் மைனஸும் ஐசிகளின் மைனஸும் ஒரே மெல்லிய வயரில் போயின. இரண்டையும் பிரித்து அடாப்டர் சாக்கெட்டில் மட்டும் ஒன்று சேர்த்தேன். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் அதிக வித்தியாசம் காட்டியது இந்தக் கடைசி மாற்றமும் மோட்டார் முனையில் வைத்த கெப்பாசிட்டரும்தான்.

மூன்றாவது கோளாறு சுத்தமாக என் தவறு. ரிலே சுருளுக்குப் போடுவதைப் போல மோட்டாருக்குக் குறுக்கேயும் ஒரு டயோடைப் போட்டுவிட்டேன். முன்திசையில் ஒன்றும் ஆகவில்லை. பின்திசைக்கு மாறியதும் அந்த டயோடு நேர் ஷார்ட். ஃபியூஸ் துண்டித்தது, டயோடு தொட முடியாத அளவுக்குச் சுட்டது. திசை மாறும் மோட்டாருக்குக் குறுக்கே ஒற்றை டயோடு போடவே கூடாது. அதற்குப் பதில் நான்கு டயோடு: மோட்டாரின் ஒவ்வொரு முனையிலிருந்தும் பிளஸுக்கு ஒன்று, மைனஸிலிருந்து அந்த முனைக்கு ஒன்று. கோடு போட்ட முனைகள் எல்லாம் பிளஸை நோக்கியே இருக்க வேண்டும். இதன் பிறகு ரிலே தொடுமுனையின் பொறி வெகுவாகக் குறைந்தது.

இன்னொன்று, சிறியதுதான். எண்ணிக்கையை 0-க்குக் கொண்டுவரும் 15-ஆம் காலில் (ரீசெட்) முதலில் 100 நானோஃபாரட் வைத்திருந்தேன். பத்தில் இரண்டு மூன்று முறை சர்க்யூட் நடுவிலிருந்து தொடங்கியது. அடாப்டரின் மின்னழுத்தம் மெதுவாக ஏறுகிறது. அந்தக் கெப்பாசிட்டர் கொடுக்கும் 10 மில்லிவினாடி ரீசெட் அதற்குள் தீர்ந்துவிடுகிறது. 1 மைக்ரோஃபாரட் போட்டதும் 100 மில்லிவினாடி கிடைத்தது, அதன் பிறகு தப்பவில்லை. அணைத்து உடனே போட்டால் மட்டும் பழைய எண்ணிக்கையைத் தொடரலாம்; 470 மைக்ரோஃபாரட் காலியாக இரண்டு மூன்று வினாடி விட வேண்டும்.

சோதித்த வரிசை

ரிலே இல்லாமல், டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 2.2 கிலோ ஓம்முடன் ஓர் எல்.இ.டி. மட்டும். நேரம் வைப்பது இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிட வேண்டும். 360 கிலோ ஓம் என்று கணக்குப் போட்டுப் பிரிசெட்டை வைத்தால் 5.06 வினாடி வர வேண்டும். பத்துத் துடிப்புக்கு 57 வினாடி ஆனது, அதாவது 5.7. இங்கேயும் கெப்பாசிட்டர்தான், அளந்தால் 11.3 மைக்ரோஃபாரட். பிரிசெட்டைக் குறைத்து, 150-உடன் சேர்த்து 314 கிலோ ஓம்மில் சரியாக 50 வினாடிச் சுழற்சி கிடைத்தது. ஒற்றைத் துடிப்பை அளக்காமல் பத்தையும் சேர்த்து அளந்தால் கைத் தாமதம் பத்தில் ஒன்றாகிவிடும். இந்த மதிப்புகளில் பிரிசெட்டை முழுதாகத் திருப்பினால் ஒரு துடிப்பு ஏறத்தாழ 2.4 வினாடியிலிருந்து 9.8 வினாடி வரை மாறும்.

பிறகு ரிலே மட்டும், மோட்டார் இல்லாமல். காமன் முனைகளுக்கு நடுவே மல்டிமீட்டர்: பிளஸ் 12, பூஜ்ஜியம், மைனஸ் 12, பூஜ்ஜியம். பிறகு துடுப்பு இல்லாத மோட்டார். கடைசியில்தான் தொட்டி. பிரெட்போர்டில் மோட்டார் மின்சாரத்தை ஓட்ட வேண்டாம். அதன் கிளிப்புகள் 1.6 ஆம்பியருக்கானவை அல்ல. ரிலேயும் மோட்டார் வயரும் தொடக்கத்திலிருந்தே சால்டர் செய்யும் டாட் போர்டில் இருப்பது நல்லது. அந்தத் தடங்களின் மேல் தாராளமாக ஈயம் ஏற்றினேன்.

தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும் வேலைக்கு இது போதும். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நகர்ந்து நிற்கும் வேலை என்றால், திரை, கதவு, நகரும் தட்டு போன்றவை, நேரத்தை மட்டும் நம்பக் கூடாது. இரு கோடியிலும் லிமிட் சுவிட்ச் வேண்டும். மோட்டார் வயரில் தொடராக, தொட்டால் திறக்கும் சுவிட்ச் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் குறுக்கே ஒரு 1என்5408 டயோடு, ஒன்று ஒரு திசைக்கும் மற்றது எதிர்த்திசைக்கும் வழி விடுமாறு. கோடியைத் தொட்டதும் மோட்டார் நிற்கும், ஆனால் எதிர்த்திசை மின்சாரம் டயோடு வழியாகப் போய் அதைத் திரும்பக் கொண்டுவரும்.

அடுத்த முறை மாற்றுவது

ரிலேயின் ஆயுள். 50 வினாடிக்கு ஒரு சுழற்சி என்றால் ஒரு நாளில் ஒவ்வொரு ரிலேயும் 1,728 முறை இழுக்கும். இந்த வகை ரிலேக்கு முழுச்சுமையில் ஒரு லட்சம் முறை என்று பொதுவாகத் தருவார்கள். இடைவிடாமல் ஓட்டினால் 58 நாளில் லட்சம் எட்டிவிடும். 0.35 ஆம்பியர் முழுச்சுமையே இல்லை என்பதால் அதற்கு மேலும் வரும்; ஆனாலும் நாள் முழுக்க ஓடும் இயந்திரத்துக்கு ரிலே பொருந்தாது. ஒரு நாளில் ஒரு மணி நேரம் ஓடுகிற இந்தத் தொட்டிக்கு எந்தக் குறையும் இல்லை.

இடைவிடாமல் ஓட வேண்டியதற்கு டிஆர்வி8871 போன்ற மாஸ்பெட் ஹெச்-பிரிட்ஜ் போர்டு (ரிலே இல்லாமல் மோட்டாரின் திசையை மாற்றுவது) போடுவேன். அதே வேலை செய்யும் எல்298 வகையில் ஓர் ஆம்பியரில் ஏறத்தாழ 2 வோல்ட் உள்ளேயே வீணாகிச் சூடாகும், அது வேண்டாம். டயோடுகள் சேரும் அந்த இரண்டு புள்ளிகளையும் போர்டின் இரண்டு உள்ளீடுகளுக்கு, தலா ஒரு 10 கிலோ ஓம்மால் மைனஸுக்கு இழுத்துக் கொடுத்தால் போதும். டிரான்சிஸ்டரும் ரிலேயும் வேண்டாம். ஆனால் அதன் உள்ளீட்டுக்கு 12 வோல்ட் கொடுக்கக் கூடாது. 555-ஐயும் 4017-ஐயும் 5 வோல்ட்டில் ஓட்ட வேண்டும், இரண்டுமே அதில் ஓடும். இரண்டு உள்ளீடும் கீழே இருக்கும்போது அந்த ஐசி பிரேக் பிடிக்காது, மோட்டாரை அப்படியே உருள விடும். இந்த மோட்டாருக்கு அந்த 0.67 வினாடி ஐந்து வினாடி ஓய்வுக்குள் அடங்கிவிடும். கனமான சக்கரம் மாட்டியிருந்தால் மட்டும் ஓய்வைக் கூட்ட வேண்டியிருக்கும்.